ஷெர்லி வாசித்த வெளிநாட்டுப் பக்கம்

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் போகும் சாலையில், கோட்டைச் சுவர் கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால் ஒரு நர்சரி இருக்கிறது. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே ரம்புட்டான், மங்குஸ்தான், ஒட்டுப் பலா, குட்டைத் தென்னம்பிள்ளை எல்லாம் கறுப்புப் பைகளில் நிற்கும். அரண்மனை பார்க்க வரும் கேரளத்துக் கார்கள் திரும்பும் வழியில் நின்று ஒரு ஆந்தூரியமாவது வாங்காமல் போகாது. நர்சரியை நடத்துகிறவள் ஷெர்லி. நாற்பதை எட்டப்போகும் வயது, உரத்த சிரிப்பு, யாரிடமும் பேச்சைத் தொடங்கத் தயங்காத குணம். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. செடிகளின் ஆங்கிலப் பெயர்கள் அத்தனையும் நாக்கு நுனியில் இருக்கும். அதைத் தாண்டி இங்கிலீஷ் என்றால் மகள் ஸ்மைலினைக் கூப்பிடுவாள்.

கணவன் எட்சனுக்கு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மிச்சம் வீட்டில். நல்ல மனிதன்தான், ஆனால் அவனிடம் ஒரு குறை உண்டு. எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்லட்டி, இங்க சுகமாக்கும்" என்பான். ஒருமுறை இடது கைச் சுண்டுவிரல் இயந்திரத்தில் மாட்டி நசுங்கியபோதும் போனில் இதையேதான் சொன்னான். லீவில் வந்து இறங்கியபோது கட்டுப் போட்ட விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அவனுடைய 'சுகம்' என்ற சொல்லில் ஷெர்லிக்கு நம்பிக்கை போய்விட்டது.

செங்கடலில் கிளர்ச்சிப் படையினர் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய அந்த வருஷம், டிசம்பர் தொடக்கத்தில் எட்சனின் கப்பல் சூயஸ் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. டிவியில் தீப்பிடித்த ஒரு கப்பலைக் காட்டினார்கள். ஷெர்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குள் செய்தி உள்ளூர் அரசியலுக்குத் தாவிவிட்டது. சேனல் மாற்றிப் பார்த்தாள். எங்கும் அந்தத் தீ மட்டும் வந்து வந்து போனதே தவிர, கப்பல்கள் இனி எந்த வழியாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. எட்சன் கூப்பிட்டான்.

"ஒண்ணும் இல்லட்டி. இங்க சுகமாக்கும். இன்னைக்கு சிக்கன் வச்சாவ."

"சிக்கன் இருக்கட்டும். கப்பல் எங்க நிக்கு?"

"கடலுலதான்," என்றான் அவன்.

பக்கத்து வீட்டில் சுபிதா இருந்தாள். பி.காம் முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவள். கணக்கில் கெட்டி. ஆங்கிலத் தாளில்தான் ஒவ்வொரு தடவையும் கால் இடறியது. நாகர்கோவிலில் கோச்சிங் வகுப்பு எடுக்கும் மாஸ்டர், தினமும் ஆங்கிலப் பேப்பரில் வெளிநாட்டுப் பக்கத்தையும் வணிகப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லியிருந்தார். கடினமான சொற்களெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன என்பது அவர் கட்சி. சுபிதா பேப்பர் வாங்கினாள். வாசிக்கத் தொடங்கி இரண்டாவது பத்தியில் தூங்கினாள்.

ஒருநாள் காலை, கறிவேப்பிலை பறிக்க நர்சரிக்கு வந்த சுபிதாவின் கக்கத்தில் மடித்த பேப்பர் இருந்தது. மடிப்பில் ஒரு கப்பலின் படம் தெரிந்தது.

"ஏட்டி, இங்க வா. இதுல என்ன போட்டிருக்கான்?"

சுபிதா விரித்துப் பார்த்தாள். "அக்கா, 'எஸ்கலேஷன்'ணு பெருசா போட்டிருக்கு."

"எஸ்கலேட்டர் எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்து மாலுல ஸ்மைலின் என்னைப் பிடிச்சு ஏத்தி விட்டா. நடுவுல நிறுத்த முடியாது."

சுபிதா ஒரு நிமிஷம் யோசித்தாள். "அதேதான் அக்கா. சண்டை அப்படி ஏறிட்டே போவுதாம். நடுவுல நிறுத்த முடியலியாம்." சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு அவள் எத்தனையோ முறை மறந்திருந்தாள். இனி மறக்காது என்று தோன்றியது.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு முடிந்ததும் பந்தலுக்குள் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போடப்படும். சாயா வரும். சுபிதா உரக்க வாசிப்பாள். ஷெர்லி கேள்வி கேட்பாள். சாதாரணக் கேள்விகள் அல்ல, விடாப்பிடிக் கேள்விகள். "பிரீமியம்ணா நாம இன்சூரன்ஸுக்குக் கட்டுதோமே, அதா? கப்பலுக்கும் கட்டுவாவளா? சண்டை வந்தா எதுக்குக் கூடுது?" சுபிதா மேலோட்டமாகப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. போனில் தேட வேண்டும், அகராதி பார்க்க வேண்டும், அந்தப் பத்தியை மறுபடி வாசிக்க வேண்டும். அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

சில இடங்களில் சுபிதா திணறினால் ஷெர்லி உதவினாள். 'கான்வாய்' என்றொரு சொல் வந்தபோது, மந்திரி வரும்போது போகும் கார் வரிசை என்றாள் சுபிதா. சூயஸ் கால்வாயில் கப்பல்களும் அப்படித்தான் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும், முந்த முடியாது, முறை வரும்வரை நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டும் என்று எட்சன் சொன்னதை ஷெர்லி சொன்னாள். கால்வாய்ச் செய்தி முழுவதும் சுபிதாவுக்கு அதன்பிறகுதான் புரிந்தது.

ஷெர்லியை அதிகம் ஏமாற்றியவை புதிய சொற்கள் அல்ல. ஊரில் தினமும் புழங்கும் பழைய சொற்கள்தான். ஸ்ட்ரைக் என்றால் அவளுக்கு பஸ் ஓடாத நாள். "ஏர் ஸ்ட்ரைக்" என்று தலைப்பைப் பார்த்ததும், "விமானக்காரனும் ஸ்ட்ரைக் பண்ணுகானா? பாவம், சம்பளம் கொடுத்திருக்க மாட்டான்" என்றாள். சுபிதா குண்டு வீசுவதை விளக்கியதும் முகம் மாறிப்போனது. இன்னொரு நாள் தங்கம் 'ரேலி' போவதாக வணிகப் பக்கத்தில் வாசித்து, ஊர்வலமா என்று கேட்டாள். விலை விடாமல் ஏறுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்ததும், "ஊர்வலமாவே இருந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டாள். ஸ்மைலினுக்கு ஒரு நாள் கல்யாணம் பண்ண வேண்டுமே!

எல்லாவற்றையும் மிஞ்சியது 'சாங்ஷன்'. ஊரில் வீட்டு லோன் சாங்ஷன், பஞ்சாயத்து ரோடு சாங்ஷன் என்று நல்ல செய்தியாக மட்டுமே அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் ஷெர்லி. சுபிதா வராத ஒரு நாள் தானாகவே எழுத்துக்கூட்டித் தலைப்பை வாசித்தாள். ஒரு ஏழை நாட்டுக்குப் பெரிய நாடுகள் சேர்ந்து சாங்ஷன் கொடுத்திருக்கின்றன என்று புரிந்துகொண்டாள். மனம் குளிர்ந்தது. அன்று சாயந்தரம் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். எழுந்து நின்று அந்த நாட்டின் பெயரைச் சொல்லி, "அவியளுக்கு ஒருவழியா சாங்ஷன் ஆயாச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

மறுநாள் சுபிதா கேட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து விழப்போனாள். "அக்கா! அது தடையாக்கும். அந்த நாட்டோட யாரும் வியாபாரம் பண்ணக் கூடாதுண்ணு பூட்டுப் போட்டாச்சு."

"ஒரே சொல்லு எப்படி ரெண்டாட்டி இருக்கும்? கொடுக்கதும் அதுதான், பிடுங்கதும் அதுதானா?"

"அதுதான் இங்கிலீஷ் அக்கா."

அடுத்த வாரக் கூட்டத்தில் ஷெர்லி மறுபடி எழுந்தாள். "போன வாரம் நாம ஸ்தோத்திரம் சொன்னது தப்பான காரியத்துக்காக்கும். இந்த வாரம் அந்த நாட்டுக்காக ஜெபிக்கணும்" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதன்பிறகு கூட்டம் முடிந்ததும் நாலு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு, "இந்த வாரம் உலகத்துல என்ன?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

வட்டியைக் கூட்ட வேண்டும் என்று நிற்கிற பேங்க் அதிகாரியைப் பருந்து என்றும், குறைக்கலாம் என்கிறவரைப் புறா என்றும் ஆங்கிலப் பேப்பர் அழைப்பது அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "நம்ம சபைக் கமிட்டியிலயும் ரெண்டும் உண்டு" என்றாள். யார் பருந்து, யார் புறா என்று அவளும் சுபிதாவும் ஒரு காலை முழுக்கப் பிரித்துப் பார்த்தார்கள். அன்று வாசிப்பு நடக்கவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டொரு நாளில் எட்சன் கூப்பிட்டான். வழக்கம்போல ஒண்ணும் இல்லை என்றான், சுகம் என்றான். ஷெர்லி அன்று விடவில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பக்கம் போற கப்பலுக்கு வார் ரிஸ்க் பிரீமியம் பல மடங்கு கூடியாச்சு. பெரிய கம்பெனியெல்லாம் ரீரூட் பண்ணி ஆப்பிரிக்காவைச் சுத்திப் போவுது. உங்க கம்பெனி மட்டும் எதுக்கு இன்னும் முடிவு எடுக்கல?"

எட்சன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, இதெல்லாம் உனக்கு ஆரு சொன்னா?"

"பேப்பர் சொல்லிச்சு. இனி நீங்க சொல்லுங்க."

எட்சன் சொன்னான். கப்பல் செங்கடலுக்குள் நுழையாமல் ஓமன் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுக் கிடந்தது. மேலே போவதா, திரும்புவதா என்று கேப்டனுக்கே உத்தரவு வரவில்லை. முன்னால் போன ஒரு கப்பலின் பக்கத்தில் ஏவுகணை விழுந்ததை ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள். எட்சனின் ஒப்பந்தக் காலம் முடிந்தும் மாற்று ஆள் வர வழியில்லை. பயமாக இருக்கிறது என்று முதல் முறையாக மனைவியிடம் சொன்னான். விரலைப் பற்றிக்கூட, அது இப்போதும் குளிரில் வலிக்கிறது என்று சொன்னான். அவர்கள் அத்தனை நேரம் போனில் பேசியதே இல்லை. பேசி முடித்தபோது ஷெர்லியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது. என்ன நடக்கிறது என்று தெரியாத பயத்தைவிடத் தெரிந்த பயம் தேவலை என்று சுபிதாவிடம் சொன்னாள்.

ஜனவரியில், கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் குடும்பத்தாரைக் கூட்டினார்கள். மும்பையிலிருந்து ஓர் அதிகாரி வந்து நிலைமையை விளக்குவார் என்றார்கள். ஷெர்லி சுபிதாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மண்டபத்தில் அவள் பக்கத்தில் ராகேல் உட்கார்ந்தாள். ராகேலின் கணவன் அதே கப்பலில் சமையல்காரன். ராகேல் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவள்.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். பார்த்தாலே பாவமாக இருந்தது. முந்தின நாள் முழுக்கப் பயணம் செய்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவருக்குத் தமிழ் வராது. எழுதிக்கொண்டு வந்ததைத் தலை நிமிராமல் ஆங்கிலத்தில் வாசித்தார். "தி சிச்சுவேஷன் இஸ் ஃப்ளூயிட்" என்றார்.

ராகேல் பதறிப்போய் ஷெர்லியின் கையைப் பிடித்தாள். "ஆருக்கு ஃப்ளூயிட் ஏத்துனாவளாம்? நம்ம கப்பலுலயா?"

"ஆருக்கும் இல்ல மக்கா. நிலைமை வெள்ளம் மாதிரி ஓடிட்டே இருக்காம். ஒரு முடிவுக்கு வரலையாம்."

ராகேல் மூச்சு விட்டாள். ஆனால் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் அதே குழப்பம். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதிகாரி இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். ஷெர்லி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பந்தலுக்குள் சுபிதாவோடு பேசிப் பார்த்ததைத் தவிர, ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை அவள் வெளி ஆளிடம் சொன்னதில்லை. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"சார்! வென் வில் யூ எக்ஸ்ட்ரடைட் மை ஹஸ்பண்ட்?"

அதிகாரி தலையை நிமிர்த்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "மேடம்," என்றார் மெதுவாக, "யுவர் ஹஸ்பண்ட் ஹாஸ் நாட் டன் எனி கிரைம்."

சுபிதா ஷெர்லியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, ஊருக்குத் திருப்பி அனுப்பதுக்கு ரிப்பேட்ரியேட்! நீங்க சொன்னது குற்றவாளியைப் பிடிச்சு ஒப்படைக்கதுக்கு உள்ள சொல்லு!"

இரண்டு சொற்களும் ஒரே வாரத்தில் படித்தவை. நாக்கு தவறான கதவைத் திறந்துவிட்டது. ஷெர்லிக்கு முகம் சிவந்தது, ஆனால் உட்காரத் தோன்றவில்லை.

"சாரி சார். ரிப்பேட்ரியேட். நோ கிரைம். ஹி இஸ் இன் எஞ்சின் ரூம் ஒன்லி."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் ஷெர்லியும் சிரித்தாள். என்ன விஷயம் என்று தெரியாமலே மண்டபமும் சிரித்தது. அவர் கையில் இருந்த தாள்களை மேசையில் போட்டுவிட்டு, மேடையிலிருந்து இறங்கி வந்து முன்வரிசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேளுங்கள், என்னால் முடிந்தவரை எளிதாகச் சொல்கிறேன் என்றார்.

ஷெர்லி கேட்டாள். ரீரூட் உறுதியா, இல்லை டென்டேட்டிவா? உறுதிதான் என்றார் அவர். அன்று காலையில்தான் உத்தரவு போயிருக்கிறது, கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும். ஒப்பந்தம் முடிந்தவர்கள்? டர்பன் துறைமுகத்தில் மாற்று ஆட்கள் ஏறுவார்கள், இவர்கள் இறங்கி விமானத்தில் வருவார்கள். ஒவ்வொரு பதிலையும் ஷெர்லி திரும்பி நின்று ஊர்த் தமிழில் சொன்னாள். அவள் விட்ட இடத்தைச் சுபிதா எடுத்துக் கொடுத்தாள். ஓரிடத்தில் இருவருக்கும் புரியவில்லை. அதிகாரி கையால் கடலில் படம் வரைந்து காட்டினார். பின்வரிசைப் பெண்கள் தங்கள் கேள்விகளைத் தமிழில் அனுப்பினார்கள். முடிவில் அவர் ஷெர்லியிடம், "தேங்க் யூ மேடம், நான் வந்த வேலை இன்றைக்குத்தான் நடந்தது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

ராகேல் இருவரையும் அப்படியே போக விடவில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புரோட்டாவும் பீஃப் கறியும் வாங்கிக் கொடுத்தாள். சுபிதா மட்டும் முட்டைக் குழம்பு கேட்டாள். சாப்பிடும்போது ராகேல் திடீரென்று, "எஞ்சின் ரூம் ஒன்லி" என்பாள். மூன்று பேரும் தண்ணீர் குடிக்க முடியாமல் சிரிப்பார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்சன் பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான். மெலிந்திருந்தான். இந்த முறை கைகள் இரண்டையும் முன்னால் நீட்டிக் காட்டிக்கொண்டே வெளியே வந்தான். எக்ஸ்ட்ரடைட் கதை அவன் இறங்குவதற்கு முன்பே கப்பலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ராகேலின் கணவன் வழியாக எஞ்சின் அறை முழுக்க அவனுக்குக் 'குற்றவாளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷெர்லி காரில் வீடு வரும்வரை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அவன் தூங்கி எழுந்து வந்து பார்த்தால், பந்தலுக்குள் மனைவியும் சுபிதாவும் பேப்பரை விரித்துவைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் வந்துட்டேன்லா. இன்னும் எதுக்குச் செங்கடல்?" என்றான் எட்சன்.

"செங்கடல் இல்ல, இது ஜப்பான். அங்க வட்டி கூட்டப் போறாவளாம். நெடுங்காலமா வட்டியே இல்லாம இருந்த நாடாக்கும். கொஞ்சம் சும்மா இருங்க, இந்தப் பத்தி முடியட்டும்."

எட்சனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. வீட்டில் தன்னைவிடப் பெரிய விஷயமாக ஜப்பான் வட்டி இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. இரண்டு நாள் பேப்பர் பக்கம் வராமல் ஒட்டுப் பலாவுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், கப்பலைத் தண்ணீர் இல்லாமல் நிறுத்திப் பழுதுபார்க்கும் இடமான 'ட்ரை டாக்' என்ற சொல்லைச் சுபிதா தப்பாக விளக்குவது காதில் விழுந்தது. பொறுக்க முடியாமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான். அதன்பிறகு லீவு முடியும்வரை பந்தலில் ஸ்டூல் மூன்று.

அந்த வருஷப் பரீட்சையில் சுபிதாவின் ஆங்கிலத் தாளில் வந்த பெரிய பத்தி, சரக்குக் கட்டணம் எதனால் ஏறுகிறது என்பதைப் பற்றியது. பரீட்சை அறையில் தனக்குச் சிரிப்பு வந்துவிட்டதாகவும் கண்காணிப்பாளர் முறைத்ததாகவும் சொன்னாள். தேறினாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிளையில் வேலை கிடைத்தது. அவள் புறப்பட்ட அன்று ஷெர்லி ஒரு தொட்டி ஆந்தூரியம் கொடுத்தாள். சுபிதா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். சில நாட்கள் ஷெர்லிக்குப் பேப்பரைத் தொடவே பிடிக்கவில்லை. பிறகு ஒரு காலையில் தண்ணீர் விட்டு முடித்து, வழக்கம்போல இரண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டாள். ஒன்றில் அகராதியை வைத்தாள். தானாகவே உரக்க வாசிக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுபிதா கூப்பிடுவாள். வாரத்தின் கடினமான சொல்லை இருவரும் போனிலேயே பிய்த்துப் பார்ப்பார்கள்.

எட்சன் மறுபடி கடலுக்குப் போய்விட்டான். இப்போது அவன் கப்பல் அமைதியான வழியில்தான் போகிறது. பயந்து வாசிக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் ஷெர்லி வாசிக்கிறாள். தான் ஒருநாளும் போகப்போகாத நாடுகளின் மந்திரிசபைகள் கவிழ்வதும், அவற்றின் பணம் விழுந்து எழுவதும் அவளுக்குப் பக்கத்து வீட்டு விசேஷம்போல் ஆகிவிட்டன. செடி வாங்க வரும் கேரளத்துக்காரர்களிடம் விலை சொல்லுமுன், உங்கள் ரப்பருக்கு மலேசியாவில் என்ன நிலவரம் தெரியுமா என்று தொடங்கிவிடுவாள்.

போன வாரம் எட்சன் கூப்பிட்டபோது அவள் தென்னமெரிக்காவில் ஒரு நாட்டுத் தேர்தலில் மூழ்கியிருந்தாள்.

"என்னட்டி, சத்தத்தையே காணும்?"

"இங்க ரன் ஆஃப் ஆயிப்போச்சு."

"ஐயோ! ஆரு ஆரு கூட ஓடிப் போனா? நம்ம ஊருலயா?"

ஷெர்லி சிரித்த சிரிப்பில் சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். "ஆரும் ஓடல. முதல் சுற்றுல ஒருத்தனுக்கும் பாதி ஓட்டு விழல. அதனால முதல் ரெண்டு பேருக்கும் மறுபடி தேர்தல். ஒருத்தன் பழைய ஜனாதிபதிக்குச் சொந்தக்காரன். மற்றவ பள்ளிக்கூட டீச்சரா இருந்தவ."

எட்சன் கொஞ்சம் யோசித்தான். "டீச்சர் ஜெயிப்பாளா?"

"ஞாயிற்றுக்கிழமை தெரியும். மறக்காம கூப்பிடுங்க" என்றாள் ஷெர்லி.